நாற்பத்தோராவது பேட்ச்

பத்தொன்பது மணி நேரம் இருபது நிமிடங்களாகச் சர்வர் எழவில்லை. நேற்றுப் பிற்பகல் மூன்று பத்துக்கு நின்றது. இப்போது காலை பத்தரை. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் திரையில் அதே சிவப்பு வரி: கிளாஸ் நாட் ஃபவுண்ட்.

கிளாஸ் என்பது மென்பொருளின் ஒரு சிறு துண்டு. தட்டாஞ்சாவடியில் எங்கள் கம்பெனி செய்வது குளுக்கோஸ் பாட்டில். நரம்பில் ஏற்றுவது. லேபில் தேறாத பேட்ச்சுக்குச் சான்றிதழ் அச்சாகாமல் தடுப்பதுதான் காணாமல்போன அந்தத் துண்டின் வேலை. அது இல்லாவிட்டால் மொத்த மென்பொருளும் படுத்துவிடும். சான்றிதழ் இல்லாமல் கேட் திறக்காது. கேட்டுக்கு உள்ளே, நாற்பத்தோராவது பேட்ச்சின் இரண்டாயிரத்து நானூறு பாட்டில்களோடு லாரி நின்றுகொண்டிருந்தது.

டிரைவர் கோவிந்தசாமி ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"என்ன பாப்பா, கம்ப்யூட்டருக்கு ஜுரமா? சொல்லு, கதிர்காமம் ஆஸ்பத்திரியில இறக்கி அட்மிஷன் போட்டுட்டுப் போறேன்."

"இன்னும் கொஞ்ச நேரம்ணே."

"நேத்துலேர்ந்து இதத்தான் சொல்ற. வண்டியிலயே குடித்தனம் வெச்சிடுவேன் போலிருக்கு."

சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேனேஜர் ராஜவேல் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் யாரையும் திட்டியதில்லை. டீயை என் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"குடி இஃப்ஃபத். முகமே சரியில்ல. நைட்டு தூங்கலையா?"

"தூங்கினேன் சார்."

"ஒரு ஃபைலு தானா காணாமப் போகுமா?"

"தேடிட்டிருக்கேன் சார்."

நான் தேடவில்லை. அது என் பையில், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில், பென் டிரைவில் இருந்தது.

நேற்று இரண்டு மணிக்கு அவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். "ஒரே ஒரு வரி மாத்தணும்மா. இந்தப் பேட்ச்சுக்கு மட்டும். அப்புறம் பழசையே போட்டுடு" என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அதுதான் வரும். மாற்றி எழுதினேன். புதிய கிளாஸ் லேப் முடிவைப் பார்க்காது. எது வந்தாலும் சரி என்று சொல்லிவிடும். அதைச் சர்வரில் போட்டேன். ரீஸ்டார்ட் செய்தால்தான் அது வேலைக்கு வரும். ஆனால் செய்யக் கை போகவில்லை. காலையில் லேபில் பார்த்தது கண்ணிலேயே நின்றது. மூன்று மணிக்கு அதை எடுத்துவிட்டேன். பழையதைத் திரும்ப வைக்கவில்லை. வைத்தால் சான்றிதழ் வராது. ஏன் வரவில்லை என்று என்னிடம்தான் கேட்பார். இரண்டுமே இல்லாவிட்டால் அது வெறும் கோளாறு. கோளாறோடு யாரும் சண்டை போட மாட்டார்கள். அப்புறம்தான் ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

எங்கள் ஆபீசில் மூன்று பேருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. யார் எடுத்தது என்று மெஷினுக்கே தெரியாது. அதுவரைதான் யோசித்திருந்தேன்.

லேபிலிருந்து சரிதா அக்கா தண்ணீர் பிடிக்க வந்தாள். நேற்றுக் காலை, பதினான்கு நாள் வைத்திருந்து பார்க்கும் சோதனைக் குழாய்களை எனக்குக் காட்டியவள் அவள்தான். ராஜவேல் சார் போன் பேச வெளியே போனதும் குனிந்தாள்.

"நான் உனக்கு எதுவும் காட்டல, தெரியுதா? யார் கேட்டாலும் அதான் சொல்லுவேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு இஃப்ஃபத்."

"குழாய் எங்கக்கா?"

"கழுவச் சொன்னாரு. கழுவிட்டேன்."

பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

பதினோரு மணிக்குச் சென்னையிலிருந்து மென்பொருள் கம்பெனியின் கமலக்கண்ணன் போன் செய்தார். ராஜவேல் சார் ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார்.

"கிடைச்சிடுச்சு சார். உங்க சர்வர்ல எந்தக் கிளாஸ் போட்டாலும் எங்க பக்கம் ஒரு காப்பி விழும்."

எனக்கு அது தெரியாது. ஆறிப்போன டீயில் ஆடை கட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியாம்மா," என்றார் ராஜவேல் சார். குரலில் நிம்மதி. "போட்டு விடுங்க தம்பி. வண்டி நிக்குது."

"ரெண்டு காப்பி இருக்கு சார். ஒண்ணு மார்ச்ல போட்டது. இன்னொண்ணு நேத்து ரெண்டே முக்காலுக்கு. எதைப் போட?"

"நேத்து போட்டது."

"சரி சார். கம்ப்ளெய்ண்ட் டிக்கெட்ட மூட, ஏன் மாத்துனீங்கன்னு ஒரு வரி எழுதணும். மாத்தினது யாரு?"

"சின்ன அட்ஜஸ்ட்மெண்ட்தான். அப்படியே எழுதிக்கங்க."

"அப்படி எழுதினா எங்க மேடம் திருப்பி அனுப்பிடுவாங்க. மாத்தினவங்க இருந்தா பேசச் சொல்லுங்க. அரை நிமிஷம்."

ராஜவேல் சார் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. வேண்டாம் என்று மெதுவாகத் தலையை மட்டும் அசைத்தார், குழந்தைக்குச் சொல்வதுபோல. வெளியே கோவிந்தசாமி இஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நான்தான் சார் மாத்தினேன்," என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க மேடம்."

"நான்தான் மாத்தினேன். நான்தான் எடுத்தேன். பழசு பேட்ச்சைத் தடுக்கும். புதுசு தடுக்காது."

ராஜவேல் சாரின் கை போனை நோக்கி வந்தது. நான் அதை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"தடுக்கிற மாதிரி என்ன ஆச்சு மேடம்?"

"நாப்பத்தோராவது பேட்ச்ல பூஞ்சை இருக்கு சார்."