விடுபட்ட ஒற்று

பூனையை மேசைமேல் கிடத்திவிட்டு, டாக்டரம்மா வாய் திறப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிட்டார். "இது ராக்டால்ங்கற சாதிங்க. தூக்கினா இப்படித்தான் துணிப்பொம்மையாட்டம் தொய்ஞ்சு கெடக்கும். கொணமே அது."

அச்சகத்தில் அவருக்கு 'ஒற்று' என்றுதான் பெயர். அடுத்தவர் விட்ட புள்ளியெழுத்துகளைச் சேர்த்தே முப்பது வருடம் ஓட்டிவிட்ட பிழை திருத்துநர். பூனை அவர் மனைவியுடையது. நீலக் கண், பால்நிற உடம்பு, முகமும் காதும் வாலும் மட்டும் பழுப்பு. வீட்டுக்கு வந்த அன்றே துரைசாணி என்று கேலியாகப் பெயர் வைத்தவர் அவர்தான். இந்த இனத்தின் முதல் தாய்ப்பூனை காரில் அடிபட்டுப் பிழைத்ததாம், அதற்கப்புறம் போட்ட குட்டிகள்தான் இப்படிப் பயம் தெரியாமல் கையில் தொய்ந்தனவாம். எங்கேயோ படித்துவிட்டு வந்து மனைவி சொன்னாள். "கதை விடாத" என்றார். பிள்ளையில்லாத வீட்டில் அது அவள் மடியை விட்டு இறங்கியதே இல்லை.

ஐந்து நாளுக்கு முன் இதய அறுவைக்காக அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பூனையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அங்கும் இங்கும் அலைந்ததில் இவர் எதைக் கண்டார்? தட்டில் போட்டது போட்டபடி கிடந்தது. தூக்கிப் பார்த்தார், தொய்ந்தது. குணம்தானே என்று இறக்கிவிட்டார்.

டாக்டரம்மா உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். மஞ்சள் பூத்திருந்தது.

"எத்தனை நாளா சாப்பிடல?"

"அஞ்சு... அஞ்சு நாளா."

"ரெண்டு மூணு நாள் வயிறு காஞ்சாலே பூனைக்கு ஈரல் கெட ஆரம்பிச்சிடும்ங்க. இது கொணமில்ல, மயக்கம்."

சாட்சிக்குக் கூப்பிடுவதுபோல அவர் சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். ஆறாவது வரியில் கண் நின்றுவிட்டது. 'ஒரு நாள் சாப்பிடாவிட்டாலும் பார்த்துக் கொண்டிருக்காமல் டாக்டரிடம் ஓடவும்.' அவள் 'பார்த்து' என்றுதான் எழுதியிருந்தாள். பக்கத்தில் அந்த 'க்' சிவப்பு மையில் இருந்தது. தாளை வாங்கிய அன்றே அவர் போட்டது. எழுத்தைப் பார்த்த மனுஷன் வரியைப் படிக்கவில்லை. பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் கையைப் பூனையின் மேலிருந்து எடுக்க மனம் வரவில்லை.

முன்னங்கால் ரோமத்தை மழித்து மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது போன் அடித்தது.

"ஏங்க, இன்னும் பத்து நிமிஷத்துல தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். தங்கச்சி பக்கத்துலதான் இருக்கா. துரைசாணி எங்க?"

"இங்கதான். எங்கிட்டதான் இருக்கா."

"தூக்கினீங்களா? தொய்ஞ்சாளா?"

"தொய்ஞ்சுதான் கெடக்கறாம்மா." பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

அவள் சிரித்தாள். "அப்ப நல்லாத்தான் இருக்கா. போனைக் காதுகிட்ட வைங்க, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

பிழைக்குமா என்று கண்ணாலேயே கேட்டார். டாக்டரம்மா ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனைப் பழுப்புக் காதருகே வைத்தார். "துரைசாணி... அடியே துரைசாணி..." என்று அவள் கூப்பிடுவது அறை முழுக்கக் கேட்டது. அவர் அந்தக் காதின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.