உயிர் போகுமுன்

"மொர்ஜினா! ஓடி வா! கண்ணு சொருகுது, உயிர் போயிட்டா ஹராமாயிடும்!"

மாமியார் ஜொபேதா போட்ட கூச்சலில், குளத்துப் படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மொர்ஜினா அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். ஏழு மாத வயிறு. அதைத் தூக்கிக்கொண்டு வந்ததை ஓட்டம் என்று சொல்ல முடியாது. முற்றத்தில் மாமனார் மொக்லேஸ் கத்தியோடு குந்தியிருந்தார். அவர் முன்னால் கரும்புள்ளிப் பெட்டை ஒன்று கழுத்தை மடக்கிச் சரிந்து கிடந்தது.

"காலையும் ரெக்கையையும் அழுத்திப் பிடி," என்றார் மொக்லேஸ்.

பிடித்தாள். பிஸ்மில்லா சொல்லி அறுத்தார். அவள் மணிக்கட்டில் ரத்தம் சூடாகத் தெறித்தது. கத்தியைக் கழுவி உறையில் போட்டுக்கொண்டு அவர் எழுந்துவிட்டார். அந்த ஊரில் கத்தி ஆணுக்கு. பிடிப்பது, இறகு பிடுங்குவது, குடல் எடுப்பது, கழுவுவது, சமைப்பது எல்லாம் பெண்ணுக்கு. யார் இப்படிப் பங்கு பிரித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

மூன்று நாளில் இது நாலாவது கோழி. மொக்லேஸுக்கு ஜமால்பூர்ச் சந்தையில் கோழி வியாபாரம். விற்காமல் போனவை சைக்கிளில் தலைகீழாகத் தொங்கியபடி வீடு திரும்பி, ஜொபேதாவின் கூட்டுக்குள் போகும்; அடுத்த சந்தைக்கு மறுபடி புறப்படும். போன வாரம் அப்படி வந்த ஐந்தும் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்றன. இப்போது வீட்டுக் கோழிகளின் கொண்டை நீலமாகிவிட்டது.

மொர்ஜினா ரத்தக் கையை வயிற்றில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இதை நான் சுத்தம் பண்ண வேணாமே. அட்டை காட்டின அக்கா அவ்வளவு சொன்னாங்கல்ல, வயித்துப்புள்ளக்காரி சீக்குக் கோழியத் தொடவே கூடாதுன்னு. புதைச்சிடலாம்மா."

"புதைக்கிறதா? நல்லாருக்கு நியாயம்! அட்டையில படம் போட்டா நோய் வந்துருமா? ரஃபிக்க வயித்துல வச்சுக்கிட்டு ஒரே நாள்ல பத்துக் கோழி பிடுங்கினவடி நான். உன் புருஷன் மலேசியாவுல மூட்ட தூக்கிக்கிட்டு மலையாட்டம்தானே இருக்கான்?"

"வெளிய மூச்சு விடாதீங்க," என்று உள்ளிருந்தே அதட்டினார் மொக்லேஸ். "கால்நடை ஆபீஸ்காரனுக்குத் தெரிஞ்சா கூட்டையே காலி பண்ணிருவான். சந்தையில என் இடத்துக்கும் பூட்டுதான்."

சுகாதாரத் துறைப் பெண் பத்து நாள் முன்பு பட அட்டைகளும், கோழி செத்தால் கூப்பிட ஒரு போன் எண்ணுமாக வந்திருந்தபோது ஜொபேதா வெற்றிலை மடித்துக் கொடுத்து, எல்லாவற்றுக்கும் தலையாட்டி, "எங்க வீட்டுக் கோழி எங்களவிட திடமா இருக்கும்மா" என்று சிரிக்க வைத்து அனுப்பினாள். மொர்ஜினாவால் சிரிக்க முடியவில்லை. குளத்துக்கு அந்தக் கரையில் இருந்த ஹாலிமா போன குளிர்காலத்தில் கோழி சுத்தம் செய்த கையோடு காய்ச்சலில் விழுந்தாள். எட்டாம் நாள் வயிற்றுப் பிள்ளையோடு போய்ச் சேர்ந்தாள். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரும் அதையே சொல்லி வாயை மூடிக்கொண்டது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறேன் என்று மொர்ஜினா கேட்டுப் பார்த்தாள். "இங்க வேலைய யாரு பாக்குறது?" என்ற ஒரே கேள்வியில் அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் ஜொபேதாவின் மகள் பாருல் இன்று தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். கொண்டுவந்து விட மாப்பிள்ளையும் வருகிறார்.

"மாப்பிள்ளைக்கு இது வேணாம்," என்று ஜொபேதா அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "கிழக்கு வீட்டுச் சேவலச் சொல்லியிருக்கேன். இது நமக்கு."

மொர்ஜினா கைகளில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். எங்கே போவது? ஜொபேதா வந்து பையை உருவி எறிந்தாள். "இதக் கட்டிக்கிட்டா இறகு எப்படிடி பிடிபடும்? மகாராணி!"

வெந்நீரில் முக்கிய கோழியிலிருந்து குமட்டும் ஆவி எழுந்தது. முந்தானையால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு முதல் பிடி இறகைப் பிடுங்கினாள். வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. மூச்சை அடக்குவதும், தாங்காமல் இழுப்பதும், மறுபடி அடக்குவதுமாகப் பாதிக் கோழி முடிந்தது.

வாசலில் சைக்கிள் ரிக்ஷா மணி அடித்தது. மாப்பிள்ளையை மொக்லேஸ் முன்னறைக்கு அழைத்துப் போனார். பாருல் நேராக முற்றத்துக்கு வந்தாள். அவளுக்கும் ஏழு மாதம். அண்ணி என்றால் அவளுக்கு உயிர்.

"என்ன அண்ணி, மொகமே சரியில்ல? நகருங்க. இந்தப் பக்கத்த நான் பிடுங்குறேன்," என்று மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு கோழியின் காலைப் பிடித்தாள்.

"தொடாதடி!"

அடுப்படியிலிருந்து பாய்ந்து வந்த ஜொபேதா மகளின் கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் வெந்நீர்ச் சட்டி கவிழ்ந்தது. "உனக்குப் புத்தி இருக்கா? வயித்துப்புள்ளக்காரி சீக்குக் கோழியத் தொடலாமா? அந்த அட்டைக்காரி படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போனா! எந்திரி, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவு!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. பாருல் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அண்ணியின் வயிற்றைப் பார்த்தாள்.

"அண்ணிக்கும் ஏழு மாசந்தானேம்மா?"

ஜொபேதா கவிழ்ந்த சட்டியை நிமிர்த்தினாள். "அவளுக்கு என்ன... அவளுக்குப் பழக்கம்."

மொர்ஜினா கோழியைக் கீழே வைத்தாள். "எனக்குப் பழக்கந்தாம்மா. என் வயித்துல இருக்குறதுக்கு இன்னும் பழகல."

எழுந்து குழாயடிக்குப் போனாள். பாருல் பின்னாலேயே போய் அடிபம்பை அடித்தாள். இருவரும் மாறி மாறி முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்கள். ஈரம் காயுமுன் பாருல் தன் கைப்பேசியை எடுத்தாள். அவள் புகுந்த ஊரிலும் சுகாதாரத் துறைக்காரர்கள் அந்த எண்ணைக் கொடுத்திருந்தார்கள். மணி போனதும் மொர்ஜினாவிடம் நீட்டினாள்.

"யாருக்குடி போன்?" என்று மொக்லேஸ் முன்னறையிலிருந்து எழுந்து வந்தார். மாப்பிள்ளையும் எட்டிப் பார்த்தார். ஜொபேதா கைப்பேசியைப் பிடுங்க ஓரடி வைத்தாள். மகளின் வயிறு குறுக்கே நின்றது.

"தொஃபா காட் ரோடு, கோழி வியாபாரி மொக்லேஸ் வீடு," என்று மொர்ஜினா நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "எங்க வீட்டுல கோழிங்க சாவுது. ரெண்டு வயித்துப்புள்ளக்காரிங்க இருக்கோம். சீக்கிரமா வாங்க."