முதலில் ஒரு முடியாது

இரண்டு பெண்களில் பெரியவளுக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான். புதிதாக யார் போன் செய்து வரட்டுமா என்று கேட்டாலும் முதலில் முடியாது என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். காசு கொடுத்து ஒரு பெண்ணிடம் வருகிறவன் எப்படிப்பட்டவன் என்பது அவன் குழைகிற குழைவில் தெரியாது. இல்லை என்றதும் அந்தக் குரல் என்ன ஆகிறது என்பதில்தான் சூட்சுமம்.

"சரிங்க, உடம்பைப் பார்த்துக்கங்க" என்று வைத்துவிட்ட லாரி டிரைவரை மறுநாள் அவளே கூப்பிட்டாள். "நான் யார்னு தெரியுமா?" என்று எகிறிய பெரிய மனிதர்களை அப்போதே பிளாக் செய்தாள். நீங்கள் யாராக இருந்தால் எனக்கென்ன சாமி, பூட்டிய அறைக்குள் உங்களோடு தனியாக இருக்கப்போவது நான்தானே! இத்தனை வருஷத்தில் அவள் மேல் ஒரு கீறல் விழுந்ததில்லை.

வீட்டைப் பொறுத்தவரை அவளுக்கு ஏதோ ஒரு கம்பெனியில் போனில் பேசுகிற வேலை.

தங்கைக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு நல்ல உத்தியோகம், சொந்த வீடு, சிகரெட்டைக்கூடத் தொடமாட்டாராம். அம்மா நாலு இடத்தில் விசாரித்துவிட்டு வந்து, "தங்கமான பையன்" என்றாள். சம்பளத்தை விசாரித்தார்கள், சொந்தபந்தத்தை விசாரித்தார்கள், ஒருத்தராவது அவனிடம் ஒரு முடியாது சொல்லிப் பார்த்தார்களா? பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

சனிக்கிழமை காலை அம்மாவையும் தங்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, மறுநாள் தங்கையை வெளியே அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குத் தங்கச்சி உங்ககூட வெளிய வர முடியாதுங்க."

"அதனால என்னக்கா, பரவாயில்ல." குரலில் தேன் சொட்டியது.

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். பெரியவள் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தத் தேனை அவள் நிறையவே பார்த்தவள்.

டீ ஆறுவதற்குள் போன் அடித்தது.

"ஏன் முடியாதாம்? வேற யார்கூட போறா? அவகிட்ட போனைக் குடுங்க."

"அவளுக்கு இஷ்டமில்லங்க."

"இஷ்டம் என்ன பெரிய இஷ்டம்? ஃபிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் கூட்டிட்டு வரேன்னு சொல்லிட்டேன். என்னை என்ன கேனையன்னு நினைச்சீங்களா?"

வைத்துவிட்டான். அடுத்த நிமிஷமே மறுபடியும் அடித்தது.

"சாரிக்கா. அவ மேல பாசம் அதிகம், அதான் வாய் தவறிடுச்சு."

முதலில் தேன், பிறகு நெருப்பு, மறுபடியும் தேன். இதே வரிசையில் பேசிய ஒருத்தனை நம்பி உள்ளே விட்ட தோழி, தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததைப் பெரியவள் பார்த்திருக்கிறாள்.

"பார்த்தியா, எவ்வளவு ஆசை வெச்சிருக்காரு!" அம்மா பூரித்துப்போனாள்.

"அம்மா, இவன் வேண்டாம்."

"ஆம்பளைங்களைப் பத்தி உனக்கு என்னடி தெரியும்?"

பெரியவள் சொல்லிவிட்டாள். என்ன தொழில், எத்தனை வருஷமாக, ஆட்களை எப்படிச் சலித்தெடுப்பாள், ஒன்று விடாமல். சொல்லிவிட்டு, இடி எப்போது விழும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்மா எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும். மெதுவாப் பேசு. மாப்பிள்ளை வீட்டுக் காதுக்குப் போச்சுன்னா நல்ல இடம் கைநழுவிப் போயிடும்."

பெரியவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இத்தனை வருஷம் யாருக்குப் பயந்து பொய் சொன்னாளோ, அந்த மகராசிக்கு இதில் ஒரு கவலையும் இல்லை!

தங்கை நகர்ந்து வந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன்க்கா, இந்த ஆளு உன்கிட்ட வரேன்னு போன் பண்ணியிருந்தா?"

"ஒரு மணி நேரத்துக்குக்கூட உள்ள விட்டிருக்க மாட்டேன்."

"அப்ப எனக்கு மட்டும் ஆயுசுக்குமா?" என்றாள் அம்மாவைப் பார்த்து.