பழைய எண்ணில் தேடிய கோப்பு

அண்ணிக்குப் பதினொரு மணிக்குத் தேர்வு. சைகை மொழிபெயர்ப்பாளர் வேலைக்கு; திரையின் அந்தப் பக்கம் இருப்பவர் அவள் கைகளைப் பார்த்தே ஆகவேண்டும். தேர்வுக்கான மென்பொருள் போனில் ஓடாது. மணி பத்து நாற்பது. கணினியில் புதிதாக வாங்கிச் செருகிய கேமராவோ கண்ணையே திறக்கவில்லை.

"காலையில என்னமோ அப்டேட் பண்ணி வைக்கிறேன்னீங்களே தம்பி. நல்லா வெச்சீங்க."

"அஞ்சு நிமிஷம், அண்ணி."

கொழுந்தன் கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையைத் திறந்தான். அந்தக் கேமராவை இயக்குவது uvcvideo என்ற ஒரு சின்னக் கோப்பு. லினக்ஸின் கருவான கர்னல், தேவைப்படும்போது அதை எடுத்து மாட்டிக்கொள்ளும். அது எங்கே இருக்கிறது என்று கேட்டான்.

modinfo -n uvcvideo

அப்படி எதுவும் இல்லை என்று கணினி கையை விரித்தது. அவன் மணியைப் பார்த்தான். எல்லாவற்றையும் மறுபடி நிறுவ ஒரு மணி நேரமாவது பிடிக்கும்.

"மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல. மூலை முடுக்கெல்லாம் தேடிப் பார்க்கிறேன்."

find /lib/modules -name 'uvcvideo*'

கோப்பு குத்துக்கல்லாட்டம் இருந்தது. ஆனால் அது இருந்த அடைவின், அதாவது கோப்புறையின், எண் 35 என்று முடிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் எண்ணைக் கேட்டான். 31.

விஷயம் விளங்கிவிட்டது. காலை அப்டேட் புதிய கர்னலின் அடைவைக் கொண்டுவந்து வைத்து, பழையதைத் துடைத்துப் போட்டிருக்கிறது. ஓடுவது என்னவோ இன்னும் பழைய கர்னல்தான். வீடு மாறியது தெரியாத விருந்தாளி மாதிரி, இடித்துவிட்ட வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

ரீஸ்டார்ட் பண்ணினால்தான் புதிய கர்னல் ஓடும். அவன் விரல் தயங்கியது. தொண்ணூற்றாறு நாளாக அணைக்காத கணினி. ரீஸ்டார்ட் பண்ணுவது வேலை தெரியாதவன் வேலை என்று ஊரெல்லாம் மார்தட்டியிருக்கிறான்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும், அண்ணி."

"அதத்தான் உங்கண்ணன் பத்து மணிக்கே சொன்னாரு. நீங்க சிரிச்சீங்க."

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

"மொதல்ல கேமரா வரட்டும். அப்புறம் பேரம் பேசலாம்."

பத்து ஐம்பத்து நான்குக்குத் திரையில் அண்ணியின் முகம் வந்தது, இரண்டு கைகளும் வந்தன.

பதினொன்றுக்குத் தேர்வு நடத்துபவர் திரையில் வந்தார். கொழுந்தன் வாசற்படியிலேயே நின்றுவிட்டான். அண்ணியின் விரல்கள் தண்ணீர் போல ஓடின. நடுவில் அவர் ஏதோ கேட்க, அவள் ஓரக்கண்ணால் இவனைப் பார்த்துவிட்டுக் காற்றில் ஒரு பொத்தானை அணைத்துப் போடுவதுபோல் இரண்டு முறை தட்டினாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

என்னைப் பத்தியா என்று இவன் வாயசைத்தான்.

அவள் திரும்பாமலே ஒரு கையை அசைத்தாள். அந்தச் சைகை மட்டும் படிக்காமலே புரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.