மூடல் அனுமதி

துளசிமணியின் வயிற்றைத் திறப்பதற்கு அனுமதி வந்திருந்தது. மூடுவதற்குத்தான் வரவில்லை.

இதில் யார் மேலும் தப்புச் சொல்ல முடியாது. பித்தப்பையில் கல். பதினொன்றே முக்காலுக்கு டாக்டர் திறந்தார். அது பழைய காப்பீட்டுத் திட்டம். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நாடெங்கும் சீர்திருத்தம் அமலுக்கு வந்தது. டாக்டர் அப்போது ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார். மூடல் புதிய திட்டத்தில் வருகிறது, அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்றார். கல்லை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்து, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ரத்தம் வரவில்லை. ரத்தம் வருவது பழைய திட்டத்தோடு நின்றுபோயிருந்தது. வலி மட்டும் இரண்டு திட்டத்திலும் இருந்தது.

சும்மா சொல்லக்கூடாது, சீர்திருத்தம் நல்ல சீர்திருத்தம். அதே பன்னிரண்டு மணிக்குத் துளசிமணியின் புருஷன் நாச்சிமுத்துவுக்கும் காப்பீட்டு அட்டை வந்து சேர்ந்தது. அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் மூன்று வருஷம் ஆகிறது. செவ்வாயும் வெள்ளியும் ரத்தத்தை மெஷினில் விட்டுச் சுத்தம் பண்ண வேண்டும். பழைய திட்டத்தில் அவனைச் சேர்க்கவே மாட்டேன் என்றார்கள். நோய் பாலிசிக்கு மூத்தது என்றார்கள். தாலிக்கொடி, இரண்டு சென்ட் இடம், அவன் ஓட்டிய தறி எல்லாம் அந்த மெஷின் வழியாகத்தான் போயின. புதிய திட்டத்தில் பழைய நோய்க்கு ஆட்சேபணை இல்லை. வயதுக்கு ஆட்சேபணை இல்லை. அட்டையைக் காட்டினால் போதும், படுக்க வைத்து ஊசி குத்திவிடுவார்கள்.

அதனால் துளசிமணியால் அந்தத் திட்டத்தைத் திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் முடியவில்லை.

காலையில் நாச்சிமுத்துதான் அவளுக்குத் துணி கட்டிவிடுவான். எக்ஸ்போர்ட்டில் கழித்த பனியன் துணி, நான்கு மடிப்பு. இடது கையில் மெஷின் ஊசி ஏறும் இடம் என்பதால் வலது கையாலேயே சுற்றி ஊக்குக் குத்துவான்.

"இறுக்கமா இருக்குதா?"

"பரவால்லீங்க."

"கல்யாணமாகி இருவத்தாறு வருசம். இப்பத்தான் உன்ற உள்ள என்ன இருக்குதுன்னே பாக்கறேன்."

"என்ன இருக்குது?"

"எல்லாம் அதது எடத்துல இருக்குது. நீ அடுக்கி வெச்ச மாதிரி."

அவள் சிரிப்பாள். சிரித்தால் துணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பஸ் பிரேக் போட்டாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றடித்தால் உள்ளே குளிர்ந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண் முந்தானையை விலக்கி எட்டிப் பார்த்துவிட்டு, ஈரல் நல்ல நிறமாக இருக்கிறது, பீட்ரூட் சாப்பிடுவீங்களா என்று கேட்டாள். நம் சனங்களுக்கு இதெல்லாம் கேட்கக் கூச்சம் கிடையாது.

மாதம் ஒரு நாள், வேலை பார்க்கும் பனியன் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு துளசிமணி காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள். அது ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஒரு தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. முதல் தடவை போனபோது தாழ்வாரம் நாற்பது அடி. மருத்துவச் செலவு ஏறும் விகிதத்தில் தாழ்வாரமும் நீளும் என்று சீர்திருத்தத்தின் ஏழாவது விதி சொல்கிறது. ஆடி மாதம் அது ஒரு கிலோமீட்டர் ஆயிற்று. புரட்டாசியில் பாதி வழியில் ஒரு டீக்கடை வந்தது. பிறகு ஷேர் ஆட்டோ விட்டார்கள். வயிறு திறந்தவர்களை ஆட்டோவில் ஏற்றுவதில்லை.

பிரீமியமும் அப்படித்தான். வருஷத்துக்கு ஒரு தடவை மட்டுமே ஏறும் என்று உறுதி கொடுத்திருந்தார்கள். அந்த வார்த்தையை அவர்கள் மீறவே இல்லை. வருஷம் எப்போது முடிகிறது என்பதை மட்டும் அலுவலகம் முடிவு செய்தது. ஆறு மாதத்தில் மூன்று வருஷம் முடிந்திருந்தது. துளசிமணிக்கு நாற்பத்து நாலு வயது போய் நாற்பத்தேழு ஆகி, வயது கூடியதற்காக ஒரு தொகையும் கூடியது. அவளுக்கு அந்த மூன்று வருஷமும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. முன்நெற்றியில் நரை மட்டும் ஒழுங்காக வந்திருந்தது. சம்பளம் ஆறு மாதத்துக்கு உண்டானதுதான்.

தாழ்வாரத்தின் கடைசியில் கீர்த்திவாசன் என்ற அதிகாரி இருந்தார். மரியாதையான மனிதர். எப்போது போனாலும் எழுந்து நின்று உட்காரச் சொல்வார்.

"மூடறது புதுத் திட்டத்துல வருதுங்களா சார்?"

"தாராளமா வரும்மா. முழுத் தொகையும் வரும்."

"அப்ப மூடச் சொல்லுங்க."

"மூடினதுக்கான பில் கொண்டு வாங்க. உடனே போட்டுடலாம்."

"மூடுனாத்தானுங்களே பில்லு வரும்? நீங்க சொல்லாம மூட மாட்டேங்கறாரு டாக்டரு."

"டாக்டர் சரியாத்தான் சொல்றார்."

இதையே ஐந்து தடவை பேசினார்கள். ஐந்து தடவையும் அவர் சலித்துக்கொள்ளவில்லை. ஆறாம் தடவை, அவள் கால் வீங்கி வந்து நின்றதைப் பார்த்து இரக்கப்பட்டாரோ என்னவோ, கோப்பை எடுத்துப் பிரித்தார்.

"உங்க குடும்பத்துல ஏற்கெனவே ஒரு சிகிச்சை நடந்துட்டு இருக்கேம்மா. டயாலிசிஸ்."

"ஆமாங்க. என்ற ஊட்டுக்காரருக்கு."

"ஒரு குடும்பத்துக்கு ஒரு சமயத்துல ஒரு சிகிச்சைதான். அவரோடது முடிஞ்சதும் உங்களோடது."

"அது முடியற வைத்தியம் இல்லீங்களே சார்."

"முடியும்மா. எல்லாருக்கும் ஒரு நாள் முடியும்." அவர் ஒரு தாளைப் புரட்டி, விரலை ஒரு வரியில் வைத்துப் பார்த்தார். "எங்ககிட்ட தேதி இருக்கு. வெளியில சொல்லக்கூடாது."

துளசிமணிக்கு அந்தத் தாளைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றியது. பார்க்கக்கூடாதென்றும் தோன்றியது. திரும்பி நடந்தாள். டீக்கடையில் உட்கார்ந்து வெகு நேரம் அழுதாள். கடைக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கடையில் எல்லோரும் அழத்தான் உட்கார்ந்தார்கள், டீ கூடவே விற்றது.

வீட்டில் இதை அவள் சொல்லவில்லை.

கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. ஓவர்லாக் டெய்லர் ஜெயக்கொடி சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏனுங்க்கா, இந்தக் கந்தாயத் துணிய எத்தன நாளைக்குக் கட்டிட்டுத் திரியறீங்க? கையூசில நான் அடிச்சு உட்டர்றேன். பத்து நிமிசம்."

"வேண்டாம் கண்ணு."

"வலிக்காம அடிக்கறேனுங்க்கா."

"வலிக்குப் பயந்து இல்ல. திட்டத்துக்கு வெளிய மூடுனா ஏமாத்துனதாயிருமாம். குடும்பத்துக்கே அட்டய புடுங்கிருவாங்க. அப்பறம் அவருக்கு மெஷினு?"

ஜெயக்கொடி அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. அவளும் வீட்டில் அதே அட்டையை நம்பி ஒரு மாமியாரை வைத்திருந்தாள். தன் பங்கு முட்டையை எடுத்து அக்காவின் டப்பாவில் வைத்தாள்.

நாச்சிமுத்து சும்மா இருக்கிற மனுஷன். சமைப்பான், துணி துவைப்பான், மிச்ச நேரத்தில் அச்சடித்த எதுவானாலும் படிப்பான். மளிகை கட்டி வந்த காகிதத்தையே மூன்று தடவை படிக்கிறவன் பாலிசிப் புத்தகத்தை விடுவானா? எண்பத்து நாலாம் பக்கத்தில், ஒரு குடும்பத்துக்கு ஒரு சிகிச்சை என்ற விதியைக் கண்டுபிடித்தான். அவனும் வீட்டில் இதைச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவளுக்குத் துணி கட்டிவிட்டான். ஊக்குக் குத்த அன்றைக்கு நேரமானது. ரேஷன் கடைக்குப் போகிறேன் என்று சொல்லி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினான். ரேஷன் கடைக்கு எதற்குச் சலவைச் சட்டை என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அவன் தாழ்வாரத்துக்குள் நுழையவே வேண்டியிருக்கவில்லை. பெயர் நீக்கக் கவுன்டர் வாசலிலேயே இருந்தது. அங்கே வரிசை இல்லை. மெத்தை வைத்த நாற்காலி இருந்தது. ஒரு பெண் மோர் கொடுத்து, படிவத்தையும் அவளே எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தாள். மொத்தம் நாலு நிமிஷம்.

பதினோரு மணிக்குத் துளசிமணிக்குப் போன் வந்தது. மூடல் அனுமதிக்கப்பட்டது, உடனே வரவும். அவள் போனைக் காதில் வைத்தபடியே அழுதாள். லைன் முழுக்க மெஷினை நிறுத்தி அவளைப் பார்த்தது. சூப்பர்வைசர்கூட அரை நாள் சம்பளம் பிடிக்கமாட்டேன் என்றார். இத்தனை நாள் அந்தத் திட்டத்தை மனசுக்குள் கரித்துக்கொட்டியதற்காக அவள் பஸ்ஸில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் பதினெட்டுத் தையல் போட்டார். ஒன்றுகூடக் கோணவில்லை. ஆறு மாதம் காற்றாடிய வயிறு மூடிக்கொண்டதும் உள்ளே இளஞ்சூடு பரவியது. அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைக்காமல் நடந்து பார்த்தாள். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை.

நர்ஸ் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டாள். பயனாளியின் பெயர், துளசிமணி. குடும்ப உறுப்பினர்கள், ஒருவர்.

"ஒருத்தர் இல்லீங்க, ரெண்டு பேரு."

"இன்னைக்குக் காலைல இருந்து ஒருத்தர்தான்க்கா."

வெளியே பெஞ்சில் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"நல்லா மூடியிருக்காங்களா?"

"உங்க பேரு எங்க?"

"அத உடு. வலிக்குதா?"

"உங்க பேரு எங்கன்னு கேக்கறேன்."

"மூணு வருசம் ஓடிப்போச்சு துளசி. இன்னும் எத்தன வருசத்த அந்த மெஷினுக்குக் குடுக்கறது? நீயாவது உள்ளதோட இரு."

அவளுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இருபத்தாறு வருஷத்தில் அவனிடம் அப்படிக் கோபப்பட்டதில்லை.

"உங்களைக் கேட்டனா? நான் மூடச் சொல்லி உங்களைக் கேட்டனா? பத்து நாள் மெஷினுக்குப் போகலீன்னா என்ன ஆவீங்கன்னு உங்களுக்குத் தெரியாது?"

அவனுக்கு அது நன்றாகவே தெரியும்.

அவள் வாசல் கவுன்டருக்குப் போனாள். அந்தப் பெண் எழுந்து மோர் நீட்டினாள். துளசிமணி வாங்கவில்லை.

"அழிச்ச பேர திருப்பி எழுதோணும்."

"சேர்க்கை உள்ளே, கடைசிலம்மா. இப்போதைக்கு ஒன்றரை நாள் நடை. போனாலும் உங்க சிகிச்சை நடப்புல இருக்கறதால அவரைச் சேர்க்க மாட்டாங்க. தையல் கரையணும். ஆறு மாசம்."

"வேற வழியே இல்லீங்களா?"

அந்தப் பெண் நல்லவள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அஞ்சு மணிக்கு ஆபீஸ்ல இருந்து உடம்பைப் பார்க்க வருவாங்க. மூடியிருந்தா மூடலும் செல்லும், நீக்கமும் செல்லும். திறந்திருந்தா ரெண்டுமே செல்லாது. பழையபடி ஆயிடும்."

சுவரில் மணி மூன்றரை. துளசிமணி திரும்பி நடந்தாள். நாச்சிமுத்து வழியை மறித்து நின்றான். வேண்டாம் துளசி என்றான். கையெடுத்துக் கும்பிட்டான். அவள் அவனது இடது கையைத் தொடாமல், வலது கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தி உட்கார வைத்தாள். அவனை நகர்த்துவது சுலபமாக இருந்தது. அத்தனை இளைத்திருந்தான்.

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"இப்பத்தானேம்மா போட்டேன்."

"நல்லாத்தான் போட்டீங்க சார். பிரிச்சு உடுங்க."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு முன்னால் இரண்டு பேர் அதே வேலையாக வந்துபோயிருந்தார்கள். பிரிப்பதற்கு அனுமதி எதுவும் தேவையில்லை, ஆனால் மயக்க மருந்து திட்டத்தில் வராது, வேண்டுமானால் கைக்காசு போட்டு வாங்கலாம், நாளை மத்தியானம் வரை தூங்குவீர்கள் என்றார்.

துளசிமணி மேஜை மேல் ஏறிப் படுத்தாள். முந்தானையை விலக்கினாள்.

"மயக்கம் வேண்டாமுங்க சார். நாளைக்கு அவருக்கு மெஷின் நாளு. காலைல அஞ்சு மணிக்கு எந்திரிக்கோணும்."