கார்னிவல் வாரத்துக் குமிழி

சாந்தா ரீத்தா ஊரின் சுகாதார அலுவலகத்தில் ஒரு சுவர் முழுக்கத் திரை மாட்டியிருந்தார்கள். திரையில் ஒரு பெரிய சக்கரம். கடிகாரத்தில் மணி இருக்கிற மாதிரி அதன் விளிம்பைச் சுற்றி வருடத்தின் வாரங்கள். உள்ளே வளையம் வளையமாக ஊரின் பேட்டைகள், ஒரு பேட்டைக்கு ஒரு வளையம். எந்தப் பேட்டையில் எந்த வாரம் எத்தனை பேருக்கு டெங்கு கண்டதோ, அதற்கேற்ற அளவில் அந்த இடத்தில் ஒரு குமிழி நிற்கும். நோய் கூடினால் குமிழி பருக்கும், பச்சை மாறிச் சிவக்கும்.

இதை வரைந்தவள் ஸுல்மா. வருடத்தை மாற்றி மாற்றிச் சக்கரத்தைப் பார்த்தால் யாருக்கும் சட்டென்று விஷயம் புரிந்துவிடும். மழை பிடித்ததும் குமிழிகள் பருக்கத் தொடங்கும். தெற்கிலிருந்து குளிர்காற்று வந்ததும் வற்றிப்போகும். அடுத்த வருடம் மறுபடியும் அதே இடத்தில் வந்து நிற்கும், வாடகை வசூலிக்க வருகிறவன் மாதிரி. பொலிவியாவின் தாழ்நிலத்தில் இப்படி ஒரு டாஷ்போர்டு வேறெங்கும் இல்லை என்று சொல்லித் தலைநகரத்து ஆட்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். வரைந்தவள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. அதுகூடப் போகட்டும். அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறொன்று.

குமிழிகள் நன்றாகப் பருத்து வரும் காலத்தில், நடுவில் ஓரிடத்தில் மட்டும் எல்லா வளையத்திலும் திடீரென்று சுருங்கிப்போகும். அது கார்னிவல் சமயம், தவக்காலத்துக்கு முன் ஊரே தண்ணீரும் சாயமும் வீசி ஆடுகிற நாலு நாள் திருவிழா. கார்னிவலுக்கு முந்தைய வியாழக்கிழமை, தோழிகள் வியாழன். அன்று ஊரில் பெண்கள் எல்லாரும் கூடிக் குடித்துக் கூத்தாட வேண்டும் என்பது வழக்கம். பேட்டைகளில் காய்ச்சல் பார்க்கிற நர்சுகளும் பெண்கள்தானே? மத்தியானமே கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். பிறகு கார்னிவல், பிறகு அதன் தலைவலி. காய்ச்சல் கண்டவர்களை எழுதிய தாள்கள் அலுவலகத்துக்கு வந்து சேர நாளாகும். அதுவரை சக்கரத்தில் ஊரே சுகமாக இருக்கும்.

முதல் வருடம் ஸுல்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தாள் வராத வாரத்துக் குமிழிக்கு உள்ளே நிறம் போடாமல் வெறும் கோட்டோடு விட்டாள். இன்னும் கணக்கு வரவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும் இல்லையா? இயக்குநர் டாக்டர் ஹுஸ்தினியானோவுக்கு அது ஆகவில்லை.

“பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. நிரப்பும்மா.”

“எத வெச்சு டாக்டர் நிரப்புறது?”

“வந்த வரைக்கும் வெச்சு நிரப்பு. மீதி வரும்போது வரட்டும்.”

அவள் ஒரு நாள் முழுக்க வாதாடினாள், மறுநாள் நிரப்பினாள். ஒப்பந்த வேலை. டிசம்பர் பிறந்தாலே ஒரே யோசனைதான், அடுத்த வருடம் கையெழுத்து விழுமா விழாதா என்று. சரியென்று தெரிந்ததற்காகச் சோற்றை விடுகிறவர்கள் ஊருக்கு ஒருவரோ இருவரோ இருக்கலாம், அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

இந்த வருடம் கார்னிவலுக்கு முன் ஒரு கூட்டம் நடந்தது. கொசு மருந்துப் புகையடிக்க ஊருக்கென்று இருப்பது ஒரே ஒரு லாரி. அடுத்து அது தொதாய் பேட்டைக்குப் போக வேண்டிய முறை. ஆனால் ஊர்வல ராணியின் குழுவுக்கு ஒரு வண்டி தேவைப்பட்டது, குழுத் தலைவர் மேயருக்கு மச்சான். டாக்டர் எழுந்து திரைக்குப் போனார். விரலால் ஒவ்வொரு வருடமாகத் தட்டிக் காட்டினார்.

“பாருங்க. எல்லா வருஷமும் கார்னிவலுக்கு இறங்குது. நோய்க்கே ஓய்வு வேணும்போல. லாரிய கொடுத்தா ஒண்ணும் குடி முழுகிடாது.”

ஸுல்மாவால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“டாக்டர், கொசு என்ன காலண்டர் பாத்தா கடிக்குது? போன வருஷம் கார்னிவல் மார்ச்சுல வந்துச்சு, பள்ளமும் மார்ச்சுக்குப் போயிடுச்சு. அதுக்கு முந்தின வருஷம் பிப்ரவரி, பள்ளமும் பிப்ரவரி. காய்ச்சல் எறங்கல. தாள் வரல. அவ்வளவுதான்.”

“நீ கம்ப்யூட்டர பாக்குற, நான் மனுஷங்கள பாக்குறேன். அந்த நாலு நாளும் ஊர்க்காரன் ஒடம்பு பூரா தண்ணி, சாயம், சேறு. கொசு பாவம், எங்கம்மா உக்காரும்?”

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. “வரைஞ்சவளே வரைஞ்சத நம்ப மாட்டேங்குறா” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். லாரி போயிற்று.

தோழிகள் வியாழன் அன்று ஸுல்மா நர்ஸ் நெல்வியின் வீட்டு முற்றத்தில் இருந்தாள். நெல்விதான் தொதாய் பேட்டை நிலையத்தைப் பார்க்கிறவள், ஸுல்மாவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. பாட்டு காதைப் பிளந்தது. கழுத்தில் காகித மாலை, கையில் பீர். அப்போதுதான் தம்பி எர்லான் போன் செய்தான். அவன் இருப்பது தொதாயில். மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன். ஆனால் அவன் உயிர் முழுக்கக் கார்னிவல் இசைக்குழுவின் பெரிய மேளத்தில்தான் இருந்தது.

“அக்கா, ஒடம்பு கொதிக்குது. கண்ணுக்குப் பின்னாடி யாரோ குத்துற மாதிரி இருக்கு.”

“நேத்து குடிச்சியா?”

“குடிக்காம இருப்பனா? அதுக்காக எலும்பெல்லாமா வலிக்கும்?” அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “உன் சக்கரத்துல பாத்து சொல்லுக்கா. எங்க பேட்டைல டெங்கு ஓடுதுன்னா இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறேன். இல்லேன்னா சனிக்கிழமை மேளம் அடிக்கணும். நான் போகலேன்னா அந்தத் தடியன் நிக்கோ அடிப்பான். ஊரே காறித் துப்பும்.”

அவள் போனிலேயே டாஷ்போர்டைத் திறந்தாள். தொதாய் வளையம். இந்த வாரம். ஒரு பச்சைக் குமிழி, கொண்டைக்கடலை அளவுக்கு. நிறம் நிரம்பி, வழவழவென்று, பொய்யே பேசத் தெரியாத குழந்தை மாதிரி இருந்தது.

“சின்னதாத்தான்டா இருக்கு. ஒண்ணுமில்ல. வெயில்ல வண்டி ஓட்டின காய்ச்சல். நல்லா தண்ணி குடிச்சிட்டுப் படு.”

“அக்கான்னா அக்காதான்” என்றான் எர்லான்.

அந்தக் குமிழிக்குத் தாள் அனுப்ப வேண்டிய நெல்வி, அவளுக்கு எதிரில் நின்று அடுத்த பீரைத் திறந்துகொண்டிருந்தாள். கூட்டத்தில் அத்தனை பேர் முன்னால் அவ்வளவு வாய் பேசியவளுக்கு அந்த நேரத்தில் அது ஏன் உறைக்கவில்லை? குடித்திருந்தாள், உண்மை. ஆனால் குடி மட்டும் காரணமில்லை. குமிழி உள்ளே வெறுமையாக இருந்திருந்தால் கண் தடுக்கியிருக்கும், வாய் நின்றிருக்கும். அவள் கையாலேயே நிரப்பிய குமிழி, அவளையே ஏமாற்றிவிட்டது.

சனிக்கிழமை ஊர்வலத்தில் புகை லாரியைப் பார்த்து ஊரே கை தட்டியது. மருந்துத் தொட்டியை மறைத்துக் காகிதக்கூழில் ஒரு மாபெரும் பஞ்சவர்ணக்கிளி செய்து ஏற்றியிருந்தார்கள். கிளியின் முதுகில் ராணி. வால்பக்கம் இசைக்குழு. நடுவில் எர்லான், மேளத்தை வயிற்றில் கட்டிக்கொண்டு.

“அக்கா! ஒன் லாரி எப்பிடி இருக்கு பாத்தியா!” என்று கத்தினான்.

அவன் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. சாயம் என்று நினைத்துக்கொண்டாள். அவளும் சிரித்துக்கொண்டே ஒரு வாளித் தண்ணீரை அவன்மேல் வீசினாள். நிற்கத் தெம்பு வேண்டுமென்று பெட்டிக்கடையில் ஆஸ்பிரின் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியும். டெங்கு உடம்பில் அந்த மாத்திரை ரத்தத்தைக் கசிய வைக்கும் என்று அலுவலகச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறார்கள். டெங்கு இல்லை என்று அக்காவே சொல்லிவிட்ட பிறகு அவனுக்கு அது எதற்கு?

ஞாயிறு காய்ச்சல் விட்டது. பிழைத்தேன் என்று எழுந்து உட்கார்ந்து, மனைவி தெய்சியிடம் உப்புக்கண்டம் போட்ட சோறு கேட்டுச் சாப்பிட்டான். சாயங்காலம் பல் ஈறில் ரத்தம். அப்புறம் மூக்கில். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்கக் கட்டில்கள், கட்டில் கிடைக்காதவர்கள் தரையில். பார்க்க ஒரே ஒரு டாக்டர், அவரும் புதியவர், விடுப்பு கேட்கத் தெரியாதவர். ஸுல்மா அந்தத் தாழ்வாரத்தில் நடந்தபோது தெரிந்த முகங்களாகவே இருந்தன. பாதிக்கு மேல் தொதாய்க்காரர்கள்.

“சின்னதுன்னு சொன்னியேக்கா” என்று எர்லான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். “நிக்கோ எப்பிடி அடிக்கிறான்?” என்று மட்டும் கேட்டான். வெளியே தெருவில் கடைசி நாள் சாய விளையாட்டு நடந்துகொண்டிருந்தபோது அவன் மூச்சு நின்றது. சாம்பல் புதனன்று அடக்கம் செய்தார்கள். எவ்வளவு தேய்த்தும் அவன் காது மடலில் நீலச் சாயம் போகவில்லை, அப்படியே பெட்டியை மூடினார்கள்.

அடுத்த வாரம் ஸுல்மா வேலைக்குப் போனாள். வேறெங்கே போவாள்? நெல்வி தாள் கட்டோடு வந்து மேசையில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

“இவ்வளவுமா?”

“பூட்டின கதவுக்கு வெளில வந்து உக்காந்துட்டுப் போயிருக்காங்க, ஸுல்மா. அப்புறந்தான் ஒவ்வொருத்தரா ஆஸ்பத்திரிக்கு...”

தாள் எப்போது வந்தாலும், காய்ச்சல் என்று தொடங்கியதோ அந்த வாரத்தில்தான் கணக்கு ஏற வேண்டும். ஸுல்மா ஒவ்வொன்றாக ஏற்றினாள். தோழிகள் வியாழன் இருந்த வாரத்தில் தொதாய்க் குமிழி பருத்தது. கடலை எலுமிச்சையாயிற்று, எலுமிச்சை ஆரஞ்சாயிற்று. பச்சை போய் மஞ்சளாகி, சிவந்தது. எர்லானின் தாள் நடுவில் வந்தது. அதையும் அவளேதான் ஏற்றினாள். சின்னது என்று அவள் சொன்னாளே, அந்தக் குமிழிக்குள்தான் அவனும் இருந்தான். போன் செய்த அன்றே இருந்தான்.

டாக்டர் ஹுஸ்தினியானோ வந்து அவள் தோளில் கை வைத்தார். கண் கலங்கித்தான் இருந்தார், அதைக் குறை சொல்ல முடியாது.

“ரொம்ப வருத்தமா இருக்கும்மா. நல்ல கலைஞன்.” பிறகு திரையைப் பார்த்தார். “இது என்ன, இப்பிடி ஊதிக் கெடக்கு? பக்கத்துப் பேட்டைங்கள எல்லாம் மூடிடுச்சே. நாளைக்குத் தலைநகர்லேர்ந்து ஆள் வராங்க.”

“ஊதல டாக்டர். அவ்வளவு பேரு.”

“எண்ணிக்கைய யாரு மாத்தச் சொன்னா? ஒரு எண்கூட மாத்தாத. குமிழியோட அளவுகோலத்தான் கொஞ்சம் இறக்கு. படம் பாக்க முடியணும்ல?”

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கொடுமை. எதிர்த்துப் பேச ஸுல்மாவுக்கு அன்று உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை. கை பழக்கத்தில் தானே போய் அளவுகோலை இழுத்தது. எல்லாக் குமிழிகளும் ஒரேயடியாகச் சுருங்கின. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாயிற்று. தொதாய்க் குமிழி திரும்பவும் கொண்டைக்கடலை அளவில் வந்து நின்றது.

“இப்பப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு” என்று சொல்லிவிட்டு டாக்டர் தம் அறைக்குப் போனார்.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. எர்லானின் மனைவி தெய்சி.

“அண்ணி, சின்னவளுக்கு விடியக்காலேர்ந்து ஒடம்பு சுடுது. கண்ணத் தெறக்க மாட்டேங்குறா. உங்க சக்கரத்துல கொஞ்சம் பாத்து சொல்லுங்களேன். எங்க பக்கம் இப்ப எப்பிடி இருக்கு?”

இந்தப் பெண் ஒரு நாளாவது தன்னைத் திட்டியிருக்கக் கூடாதா? அக்கா பார்த்துச் சொன்னாள் என்று எர்லான் வீட்டில் சொல்லியிருப்பான், அதை இவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

“அத விடு தெய்சி. சக்கரத்த மறந்துடு. மாத்திர ஒண்ணும் குடுக்காத, தண்ணி மட்டும் குடு. புள்ளையத் தூக்கிட்டுத் தெருமுனைக்கு வா. நான் வண்டியோட வரேன்.”

“அண்ணி...”

“கெளம்புடி!”

எழுந்து ஓடினாள். டாக்டர் அறையிலிருந்து ஏதோ கேட்டார், அவள் திரும்பவில்லை. முற்றத்தில் புகை லாரி நின்றிருந்தது. ராணி உட்கார்ந்த இடம் குழிந்து, மழையில் ஊறிய கிளி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. டிரைவரை உலுக்கி எழுப்பி, தொதாய்க்கு விடச் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். போன் இன்னும் காதில்தான் இருந்தது. தெய்சி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற மூச்சிரைப்பு கேட்டது.

“வந்துட்டுத்தான் இருக்கேன் அண்ணி. சின்னதாத்தான் இருக்குன்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன். அது போதும் எனக்கு.”

ஸுல்மா சொல்லவில்லை.