கரண்ட் மெஷினா, பெட்ரோல் மெஷினா

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு"ன்னு அப்பா சொன்ன அந்த நிமிஷம் எங்க வீட்டு மேல பனி கொட்ட ஆரம்பிச்சிருச்சு.

அதுக்கு முன்னாடியும் பனி கிடந்துச்சு, இல்லைன்னு சொல்லல. அக்கா மாரிச்செல்விக்கு நிச்சயத்துக்குப் பச்சைச் சேலையா அரக்குச் சேலையான்னு அம்மா யோசிச்சுக்கிட்டு இருந்தாங்க, அதுக்கு ஒரு கணுக்கால் அளவு. எங்க ஊரு கோவில்பட்டி. எந்த வீட்ல ஒரு விஷயம் முடிவாகாம நிக்குதோ அந்த வீட்டு மேல பனி விழும். சேலைக்கு விழற பனியை விளக்கமாத்தாலயே தள்ளிரலாம். ஆனா வெள்ளிக்கிழமை நிச்சயம். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரும்போது வாசல்ல கோலம் தெரியணும். தெரியலைன்னா, பொண்ணு வீட்ல இன்னும் ரெண்டு மனசா இருக்காங்கன்னு தட்டைக் கூட இறக்காம திரும்பிருவாங்க. பக்கத்துத் தெருவுல ஒரு நிச்சயம் அப்படித்தான் நின்னு போச்சு.

எதுக்கும் இருக்கட்டும், ஒரு பனி எறியற மெஷின் வாங்கிருவோம்னு சொன்னது நான்தான். எனக்கு மெஷின்னா உசுரு. வீடியோவெல்லாம் பாத்து வச்சிருந்தேன். ஃபாரூக் அண்ணன் மோட்டார் கடையில கரண்ட்ல ஓடறது ஒண்ணு, பெட்ரோல்ல ஓடறது ஒண்ணு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னுச்சு.

"ரெண்டையும் கொண்டு போங்க அண்ணாச்சி. நீங்களும் பாப்பாவும் ஓட்டிப் பாத்துட்டு ஒண்ணைத் திருப்பிக் குடுங்க. உங்களுக்கும் பிடிக்கணும், அதுங்களுக்கும் பிடிக்கணும்ல"ன்னாரு ஃபாரூக் அண்ணன். நியாயமாத்தான் இருந்துச்சு. லோடு ஆட்டோவுல ஏத்திட்டு வந்து வாசல்ல நிறுத்தினோம். அப்பா ரெண்டையும் சுத்தி வந்தாரு. அப்பதான் அந்த வார்த்தையைச் சொன்னாரு.

முழங்கால் வரைக்கும் ஏறிருச்சு. பக்கத்து வீட்ல சுள்ளுன்னு வெயில். மேரி அக்கா மிளகாய் காய வச்சுக்கிட்டு இருந்தாங்க.

"பொன்னுச்சாமி அண்ணே, உங்க பனி என் மிளகாய் மேல விழாமப் பாத்துக்கோங்க. போன தடவை விழுந்து, உறைக்கவா வேண்டாமான்னு மாசம் பூரா யோசிச்சுச்சு. மனுசன் குழம்பு வைக்க முடியல."

"விழாதும்மா"ன்னு அப்பா சொன்னாரு. சொல்லும்போதே மேல பாத்தாரு. தெரு முனையில ஊருணி இருக்கு, வத்திப் போயிக் கிடக்கு. பனியை அங்க எறியறதுதான் தெரு வழக்கம். ஊருணிக்கு முடிவு பண்ண எதுவும் கிடையாது. ஆனா எங்க வீட்டுக்கும் ஊருணிக்கும் நடுவுல, நாலஞ்சு வீடு தள்ளி, மாப்பிள்ளை கருணாகரன் வீடு இருக்கு.

அக்கா ஜன்னல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டு இருந்தா. பின்னலைப் போடுறதும் அவுக்கறதுமா இருந்தா.

முதல்ல கரண்ட் மெஷின். நான்தான் ஓட்டுனேன். எவ்ளோ லேசு தெரியுமா, ஒத்தக் கையால தள்ளலாம். சத்தம் மிக்ஸி அளவுக்குத்தான். புகை கிடையாது, பட்டனை அமுக்குனா போதும். ஆனா வயரு கேட்டோட நின்னு போச்சு, எறியறதும் எதிர்வீடு வரைக்கும்தான். எதிர்வீட்ல ஜெபராஜ் சார் டியூஷன் எடுத்துக்கிட்டு இருந்தாரு. ஜன்னல் வழியா ஒரு கொத்துப் பனி அவரு தலையில போயி விழுந்துச்சு. அவரு கையில ஒரு பையனோட கணக்கு நோட்டு. அதையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "இதுவும் சரின்னு சொல்லலாம், தப்புன்னும் சொல்லலாம்"னாரு. பிள்ளைங்க பூராவும் நோட்டைத் தூக்கிட்டு அவரு முன்னாடி வரிசை கட்டிருச்சு. அதுக்குள்ள கரண்ட் வேற போச்சு.

"அதான் சொன்னேன், பெட்ரோல்தான் பெட்ரோல்"னாரு அப்பா. அவரு அப்படிச் சொல்லவே இல்ல.

கயித்தை இழுத்தாரு, வரல. திரும்ப இழுத்தாரு, தோள்பட்டையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. அம்மா தைலம் எடுத்துட்டு வந்தாங்க. அப்புறம் நானும் அவரும் சேந்து இழுத்தோம். பிடிச்சுச்சு பாருங்க, வீடே அதிருது. ஈரப்பனி, கெட்டிப்பனி எல்லாத்தையும் அல்வா மாதிரி அள்ளுது. வாயை மேல தூக்கி வச்சா ஊருணி வரைக்கும் எறியும். மாப்பிள்ளை வீட்டு மாடியைத் தாண்டிப் போகுது, எனக்கு மயிர்க்கூச்செறியுது. சத்தத்துல அம்மா கத்துனது எங்களுக்குக் கேக்கல. அப்பாவுக்குக் கை வலி. மெஷின் வாய் கொஞ்சம் கொஞ்சமா இறங்கிக்கிட்டே வந்ததை நாங்க யாரும் கவனிக்கல.

நிறுத்தினதுக்கு அப்புறம்தான் பாத்தோம். மாப்பிள்ளை வீட்டு மாடி வெள்ளையா இருந்துச்சு. எறிஞ்ச பனியோட நிக்கல, அவங்க வீட்டுக்குன்னு தனியா விழவும் ஆரம்பிச்சிருந்துச்சு.

சாயங்காலம் மாப்பிள்ளையோட அம்மா, ராஜாமணி அத்தை, போன் பண்ணாங்க. "செல்வி நல்ல பொண்ணுதான் மதினி. நல்ல பொண்ணுன்னா நல்ல பொண்ணுதான். ஆனா பாருங்க..."ன்னாங்க. அதுக்கு மேல சொல்லல, போனையும் வைக்கல. அம்மா போனைக் காதுல வச்சுக்கிட்டே அடுப்பை அணைச்சாங்க. அந்தப் பக்கம் பனி விழற சத்தம் மட்டும் கேட்டுச்சுன்னாங்க.

வெள்ளிக்கிழமை விடிஞ்சப்ப எங்க வீட்டு வாசல்ல இடுப்பளவு. கேட்டைத் திறக்க முடியல. அப்பா ரெண்டு மெஷினுக்கும் நடுவுல குத்த வச்சு உக்காந்திருந்தாரு. கரண்ட்ல வாங்கி கரண்ட் போயிட்டா? பெட்ரோல்ல வாங்கி பெட்ரோல் தீந்துட்டா? கேள்விக்கு ஒரு விரல் உசரம் பனி ஏறிச்சு.

"அப்பா, பேசாம இருங்க"ன்னேன்.

"பேசாம இருந்தா மட்டும் நின்னுருமா?" இன்னொரு விரல் ஏறிச்சு.

அக்கா வெளிய வந்தா. பச்சைச் சேலை. அவளே எடுத்துக் கட்டியிருந்தா. பின்னல் பாதியில நின்னுச்சு. "கரண்டு"ன்னா.

"ஏன்த்தா?"ன்னாரு அப்பா.

"தூரமா எறியற மெஷின் நமக்கு எதுக்கு? நம்ம வீட்ல யாருக்கும் குறி கிடையாது. அதோட, அவங்க வீட்டு வாசல்ல போயி நான் ஒண்ணு கேக்கணும். கேக்கறது அவருக்குக் காதுல விழணும்."

பனி நின்னுருச்சு. எங்க வீட்டு மேல வெயில் அடிச்சுச்சு. அம்மா முறத்தைத் தூக்கிட்டு வாசலுக்கு ஓடுனாங்க, கோலம் போடற இடத்தையாவது ஒதுக்கணுமே.

அக்கா கரண்ட் மெஷினைத் தெருவுல தள்ளிக்கிட்டுப் போனா. நான் வயரைத் தூக்கிட்டுப் பின்னாடியே ஓடுனேன். வயரு தீர்ற இடத்துல மேரி அக்கா அவங்க வீட்டு பிளக்கைக் குடுத்தாங்க. அது தீர்ற இடத்துல அடுத்த வீடு. அப்படியே வீட்டுக்கு வீடு மாத்தி மாத்திச் சொருகிக்கிட்டே போனோம். ஜெபராஜ் சார் வாசல்ல நின்னாரு. குட் மார்னிங்னு சொன்னாரு, உடனே வாபஸ் வாங்கிட்டாரு.

மாப்பிள்ளை வீட்டுப் படி தெரியல. அக்கா பட்டனை அமுக்கினா. அவங்க வீட்டுக்கு எதிர்ல வீடு கிடையாது, ட்ரான்ஸ்ஃபார்மர்தான். பனி பூரா அது மேல போயி விழுந்துச்சு. பாதிப் படி தெரிய ஆரம்பிச்ச நேரம் ட்ரான்ஸ்ஃபார்மரும் ரெண்டு மனசாயிருச்சு. கரண்ட் வருது, போகுது, வரலாமான்னு பாக்குது. மெஷின் முனகிக்கிட்டே நின்னு போச்சு.

பெட்ரோல் மெஷினா இருந்தா இந்தப் படியை ஒரே மூச்சுல அள்ளிப் போட்டிருக்கும். அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாதுன்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். சொன்னா அக்கா தலையில பனி விழுந்திருக்கும்.

கதவு திறந்துச்சு. கருணாகரன் அத்தான் பனியனோட, கையில ஒரு சாந்துச் சட்டியோட நின்னாரு. தலையெல்லாம் வெள்ளை.

"வர்றீங்களா, இல்லையா?"ன்னா அக்கா. சத்தமா கேக்கல. மெஷின் ஓடலங்கறதால நல்லாவே கேட்டுச்சு.

அவரு திரும்பி உள்ள பாத்தாரு. உள்ள ராஜாமணி அத்தை தாம்பாளத்துல தேங்காயை எடுத்து வைக்கறதும் எடுக்கறதுமா இருந்தாங்க. அவரு குனிஞ்சாரு, சட்டியில பனியை அள்ளி, யாரு மேலயும் எறியாம தன் காலடியிலேயே கொட்டினாரு. "மிச்சப் படியை நான் அள்ளிக்கறேன். சட்டை மாத்திட்டு வர்றோம். வெள்ளைச் சட்டைதான், வேற எதுவும் கேக்காதீங்க"ன்னாரு.

உள்ள தேங்காய் தாம்பாளத்துல டொக்குன்னு உக்காந்துச்சு. அவங்க வீட்டு மாடியில வெயில் வந்துச்சு.

நிச்சயம் நல்லபடியா நடந்துச்சு. கேசரி கொஞ்சம் பத்தல, அவ்ளோதான்.

மறுநாள் அப்பா பெட்ரோல் மெஷினைத் திருப்பிக் குடுக்கப் போனாரு. தள்ளுனா மெஷின் நகரல. ரெண்டு மெஷினுக்கும் நடுவுல, ஒரு பாய் விரிக்கற இடத்துல மட்டும், பொடிப் பனி விழுந்துக்கிட்டு இருந்துச்சு. அம்மா அதைத் தொட்டுப் பாத்துட்டு, "இது நம்மளோடது இல்ல"ன்னாங்க.

அப்பா ஃபாரூக் அண்ணனுக்குப் போன் போட்டாரு.

"மெஷினுங்க ரெண்டும் இன்னும் பாத்துக்கிட்டு இருக்குதுங்க அண்ணாச்சி. உங்களை வச்சுக்கறதா, பாப்பாவை வச்சுக்கறதான்னு. ரெண்டுமே நல்லாத்தான் இருக்குன்னு தோணுதாம். ஒருத்தரைத்தான் குடுக்க முடியும்னு சொல்லிட்டேன். மத்தவரைக் கடைக்கு அனுப்பி வைங்க."

அதான் அப்பாவும் நானும் காலையிலேயே குளிச்சு, தலை சீவி, வாசல்ல பக்கத்துல பக்கத்துல நிக்கறோம். இதையே நின்ன வாக்குலதான் டைப் பண்றேன், கையை ரொம்ப ஆட்டாதேன்னு அப்பா சொல்றாரு. அவரு தோள்பட்டையில தைல வாசனை. கரண்ட் மெஷின் என்னைத்தான் பாக்கற மாதிரி இருக்கு, ஆனா பெட்ரோல் மெஷின் என்ன நினைக்குதுன்னு தெரியல. பனி கணுக்கால் வரைக்கும் வந்திருச்சு.

உங்க வீட்லயும் மெஷின் இப்படித்தான் நிக்க வச்சுச்சா? யாரை எடுத்துக்கிச்சு?